கதியால் அரக்கியவனுக்கு

தம்பி,

நான் சுகமாக இருக்கிறேன். உன் சுகத்தை விசாரிக்கப் போவதில்லை. உன்னைப் பார்த்துக்கொள்ள உனக்கு நன்றாகத் தெரியும் என்பதை இந்த மாதம் காட்டிவிட்டாய். அம்மாவுக்கு மறதி வருத்தம், அவர் சொன்னதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கனடாவில் இருந்துகொண்டு உன் கொம்பனிக்காரருக்குச் சொன்னாய். அவர்கள் எனக்குப் போன் எடுத்து விசாரிப்பார்கள், நான் "ஓம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்று எனக்கே பாடமும் எடுத்தாய். பெற்ற தாயைப் புத்தி பேதலித்த விசரி ஆக்குவதற்கு அவளிடமே சம்மதம் கேட்ட பிள்ளை உனக்கு முதல் இந்தக் கரவெட்டியில் பிறந்ததாக நான் கேள்விப்படவில்லை. இன்று காலை அவர்கள் எடுத்தார்கள். நீ கேட்டதையே சொன்னேன். அதற்கு மேல் என்ன கதைத்தோம் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். நேரே அங்கே பாய்ந்துவிடாதே, முதலில் இருந்து வாசி.

இந்தக் கடிதத்தை நீ மற்றவர்களுக்குக் காட்டினாலும் எனக்கு ஒன்றுமில்லை. நீ காட்டாவிட்டால் நான் காட்டுவேன். ஆகையால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்; வாசிக்கிறவர்கள் முழிக்கக் கூடாது.

எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவே வேலி. பக்கத்து வளவு சிவகுரு அண்ணையுடையது, எனக்கு ஒன்றுவிட்ட தமையன். ஒரே காணியாக இருந்து சீதனத்தில் இரண்டாகப் பிரிந்தால் பிறகு என்ன நடக்கும் என்று யாழ்ப்பாணத்தில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. வேலி அடைக்கிற காலம் வந்தால் பழைய ஓலையை இழுத்துப் போட்டு, பட்டுப்போன கதியால் தடிகளைப் பிடுங்கி, புதுத் தடிகளை நடுவோம். நடும்போது நாலு விரல் அங்கால் தள்ளி நடுவோம். அதற்குப் பெயர் அரக்குவது. உன் அப்பா அலவாங்கால் குழி போடுவார். நான் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் அங்காலை போடுங்கோ, அவையள் என்ன வெட்டி விழுத்தப் போகினமே?" என்பேன். அடுத்த முறை சிவகுரு அண்ணை இங்கால் அரக்குவார். இதற்காக நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்தால் ஏமாந்து போவாய். நாங்கள் அரக்கியது பட்டப்பகலில், அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க. அவர் வந்து வாய்க்கு வந்தபடி ஏசுவார், நானும் குறைவில்லாமல் திருப்பிக் கொடுப்பேன். ஒழுங்கையால் போகிற சைக்கிள்கள் எல்லாம் நின்று கேட்டுவிட்டுப் போகும். அப்படிச் சண்டை முற்றித்தான் இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லாமல் போனது.

போக்குவரத்து இல்லாதது பெரியவர்களுக்குத்தான். வேலியில் ஒரு பொட்டு இருந்தது. நாய் பூருகிற அந்த ஓட்டையால் நீயும் சிவகுரு அண்ணையின் மகள் தர்சினியும் போய் வந்தீர்கள். நான் கண்டும் காணாதவள் போல இருந்தேன். வளர்ந்த பிறகு அவள் படலையைத் திறந்துகொண்டே வந்து உன் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்காரத் தொடங்கினாள். "மாமி, தேத்தண்ணி தருவியளோ?" என்று கேட்டுக்கொண்டு நுழைகிற பிள்ளையை எந்தச் சண்டையைச் சொல்லித் துரத்துவது? மச்சான் மச்சாள் முறைதானே என்று ஊரில் சிலர் கண்ணடித்தார்கள். எனக்கும் ஒரு காலத்தில் அந்த எண்ணம் இருந்தது. இப்போது கடவுள் அவளைக் காப்பாற்றினார் என்று நினைக்கிறேன்.

நீங்கள் இருவரும் முதல் முதல் செய்யத் தொடங்கிய கேம் உனக்கு மறந்திருக்கும், நான்தானே மறதிக்காரி, எனக்கு ஞாபகம் இருக்கிறது. பனங்கூடலுக்குள் பேய்கள் வரும், ஒருவன் துவக்கால் சுட்டுக்கொண்டு ஓடுவான். "அம்மா, இஞ்சை பாருங்கோ, இப்பிடி ஒண்டு எங்கடை ஆக்கள் ஒருத்தரும் செய்யேல்லை" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். நீ பகல் முழுக்கக் கிடந்து விளையாடுகிற வெளிநாட்டுக் கேமில் இருந்த அதே ஓட்டம், அதே துவக்கு. பேய்க்கு மட்டும் சேலை உடுத்திவிட்டிருந்தாய். தர்சினி கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தாள். "மச்சான், உதை நாங்கள் ஏற்கெனவே விளையாடிட்டம். பிறகேன் திரும்பவும் செய்யிறாய்?" என்றாள். நீ இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சித்திரப் போட்டிக்குக் கலண்டர் முருகனைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து அப்படியே கீறிக்கொண்டு போனவன் நீ. அப்போதே காதைத் திருகியிருக்க வேண்டும், பரிசு கிடைத்ததால் விட்டுவிட்டேன். உன் கை நல்ல கை, தம்பி. அதற்கு வேலை சொல்ல ஒரு தலை வேண்டும், அது எப்போதும் வேறு யாருடையதோவாகத்தான் இருந்தது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். வேலியைக் கேம் ஆக்கலாம் என்று முதலில் சொன்னது நீதான். பகிடியாகச் சொன்னாய்: கதியாலை அரக்குகிறது, பக்கத்து வீட்டுக்காரன் வருகிறான், பொல்லால் அடிபடுகிறது, கூடக் காணி பிடித்தவன் வென்றான். அந்தப் பகிடியைத்தான் இன்றைக்கு நீ "என்ரை ஐடியா" என்று கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்குகிறாய். வேலி எங்கள் ஊரில் எல்லோரிடமும்தான் இருக்கிறது. அதை வைத்து என்ன செய்வது என்பது உனக்குத் தெரியவில்லை.

அது அப்பாவின் செத்தவீட்டில்தான் தெரிந்தது, தர்சினிக்கு. அன்று விடிந்ததில் இருந்து பிரேதம் எடுக்கும்வரை சிவகுரு அண்ணை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். உள்ளே வரவில்லை. போகவும் இல்லை. உட்காரக்கூட இல்லை. எங்கள் ஆட்கள், "உவன் புதினம் பார்க்கிறான்" என்று பல்லைக் கடித்தார்கள். பாடை ஒழுங்கையால் போனபோது அவரும் தன் வளவுக்குள்ளேயே கூட நடந்தார், வேலி முடிகிற மூலைவரை. அங்கே நின்றுவிட்டார். நீ கொள்ளிக்குடத்தோடு முன்னால் போனாய், உனக்குத் தெரிந்திருக்காது. படலையில் நின்ற பெண்கள் எல்லோரும் பார்த்தோம். தர்சினியும் பார்த்தாள்.

அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சில நாளில் அவள் வந்து, "மாமி, கோபிக்காதேங்கோ" என்று தொடங்கினாள். பிறகு உன்னைப் பார்த்துச் சொன்னாள்: "பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வரக்கூடாது, மச்சான். அவன் ஒண்டும் செய்யமாட்டான். நீ அரக்கினதை ஞாபகம் மட்டும் வைச்சிருப்பான். கடைசியிலை வாறது உன்ரை செத்தவீடு. ஆர் உள்ளை வருகினம், ஆர் வேலிக்கு அங்காலை நிக்கினம் எண்டதுதான் முடிவு. புள்ளி ஒண்டும் போடக்கூடாது." நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "செத்தவீட்டை ஆரடி விளையாடுவினம்?" என்று கேட்டாய். நான் சிரிக்கவில்லை, ஏசினேன். என் புருசனின் சாம்பல் ஆறுவதற்கு முதல் அதை விளையாட்டாக்குகிறாயா என்று அவளைப் படலைவரைக்கும் துரத்திக் கலைத்துக்கொண்டு போனேன். அடுத்த நாளும் வந்து தேத்தண்ணி கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரனின் ஞாபகம் எப்படி ஊறும், எதை முதலில் நிறுத்துவான், எதைக் கடைசிவரை நிறுத்தமாட்டான் என்று மாதக்கணக்காக இருந்து எழுதியது அவள். ஓலையும் கிணறும் வாழையும் கீறியது நீ. அழகாகக் கீறினாய், அதை நான் மறுக்கவில்லை.

முதலில் விளையாட இருத்தியது என்னைத்தான். விடுவேனா? கேமுக்குள் வருசா வருசம் அரக்கினேன். காணி பெருத்தது. பக்கத்து வீட்டுப் பெண் கறிவேப்பிலை கேட்டு எட்டிப் பார்ப்பதை நிறுத்தினாள். அவள் பிள்ளை பொட்டுக்குள்ளால் வருவது நின்றது. நீ பிழை செய்கிறாய் என்று ஓர் எழுத்துக்கூடத் திரையில் வரவில்லை. பிறகு நான் செத்தேன். முற்றத்தில் பாடை கிடந்தது, தூக்க ஆள் காணாது, மழை தூறத் தொடங்கியது. "விசர்க் கேம்!" என்று எழுந்து குசினிக்குப் போய்விட்டேன். அடுத்த நாள் நீங்கள் இல்லாத நேரம் பார்த்துத் திரும்ப விளையாடினேன், இந்த முறை ஒரு கதியாலையும் அசைக்காமல். அவன் என் காணியில் பாதியை விழுங்கினான். விழுங்கிவிட்டு என் பாடைக்கு முன்னால் தோள் கொடுக்க வந்து நின்றான். அதைப் பார்த்து எனக்கு இன்னும் கூடக் கோபம் வந்தது. அப்பாவுக்காக நான் ஒழுங்காக அழுதது செத்தவீட்டில் அல்ல, அந்தக் கதிரையில் இருந்துதான். இதை உனக்கு நான் முன்பு சொன்னதில்லை.

சின்னக் கேம் எல்லாம் நல்லது, பெரிய கேம் எல்லாம் கூடாது என்று பாட்டுப் பாட நான் வரவில்லை. நீ எனக்குக் காட்டிய சின்னக் கேம்களில் பாதி குப்பை. வேறு யாரோ செய்ததை இரண்டு பேர் அறைக்குள் இருந்து அரைகுறையாகச் செய்துவிட்டு, தாங்கள் சுதந்திரமானவர்கள் என்று பெருமை அடித்துக்கொள்வது. பெரிய கொம்பனிக் கேமில் கடலைப் பார்த்தால் கால் நனைகிற மாதிரி இருக்கிறது, இசையைக் கேட்டால் கோயிலில் நிற்கிற மாதிரி இருக்கிறது, அதில் எத்தனையோ பேரின் உழைப்பு இருக்கிறது. ஆனால் வருசா வருசம் நீ புதிது என்று வாங்கிய துவக்குக் கேமில் நான் கண்ட புதுமை ஒன்றுதான்: புல்லு நன்றாக வளர்ந்திருந்தது. அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவள் நான். விற்று ஓடுகிற சவர்க்காரக் கட்டியைத்தான் றாக்கையில் முன்னுக்கு வைப்பேன். புது பிஸ்கற் ஒன்று வந்தால், யார் வாங்குவார்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். அத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவன் துணிய மாட்டான். துணிகிறவனுக்கு இழக்க ஒன்றும் இருக்கக் கூடாது. உங்கள் இருவருக்கும் அப்போது ஒன்றும் இருக்கவில்லை, என் தேத்தண்ணியைத் தவிர.

இணையத்தில் ஏற்றினீர்கள். பெயர் தெரியாத ஊர்களில் இருந்தெல்லாம் எழுதினார்கள். தமையனோடு பல வருசம் கதைக்காத ஒருவர், விளையாடி முடித்துவிட்டு அவருக்குப் போன் எடுத்ததாக எழுதியதை நீயே எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாய், உன் குரல் உடைந்தது. அப்போது என் பிள்ளை என்று நினைத்தேன். பிறகு கனடாக் கொம்பனி வந்தது. கேம் முடிகிற இடத்தில் உங்கள் இருவரின் பெயரும் வந்தது அல்லவா? அவர்கள் பார்க்கக் கேட்டபோது அவள் பெயரைத் தூக்கிவிட்டு அனுப்பினாய். கேமை ஏற்றிய இணையக் கணக்கு உன் பெயரில் இருந்தது, அவளுக்கு அதைப் பற்றி யோசனையே இல்லை. நாங்கள் அரக்கும்போது எங்களை ஏசுவதற்கு எதிரில் ஓர் ஆள் நின்றார். நீ அவள் இல்லாத நேரம் பார்த்து அரக்கினாய். விமானம் ஏறிய அன்று அந்தப் பிள்ளை உனக்கு எள்ளுருண்டை கட்டித் தந்தாள், வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனாய்.

அங்கே போய் என்ன செய்தாய்? மாதிரி ஒன்று அனுப்பினாய், பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரன் கோடரியோடு வருகிறான். தங்கத்தில் வேலி வாங்கலாம். கதியால் வெடிக்கிறது, வாணம் பறக்கிறது. செத்தவீடு எங்கே என்று கேட்டேன். "அது சனத்தைச் சோர்வாக்குமாம் அம்மா, விளையாடினவை திரும்ப வரமாட்டினமாம். அதை எடுத்தாச்சு" என்றாய். நீ அங்கே என்ன வேலை என்று கேட்டேன். ஓலை காற்றுக்கு ஆடுவதைச் சரிபார்க்கிறாயாம். அவளுடைய தலையை வெட்டிக் கொடுத்துவிட்டு நீ வாங்கிக்கொண்ட உத்தியோகம் இதுதான். உன் பனங்கூடல் பேய் கடைசியில் உன்னிடமே திரும்பி வந்துவிட்டது, இந்த முறை சேலை இல்லாமல்.

விளம்பரத்துக்குப் படம் எடுக்க வேண்டும், கேம் பிறந்த வீட்டைக் காட்ட வேண்டும் என்று கொழும்பில் இருந்து இரண்டு பேர் கமராவோடு வந்தார்கள். நீ முன்பே போனில், "தர்சினியின்ரை பேரை எடுக்க வேண்டாம் அம்மா, வீண் சிக்கல்" என்றாய். வந்தவர்களில் ஒருத்தி, தமிழ் கதைக்கிற பிள்ளை, வேலிக்கு முன்னால் கதிரை போட்டு என்னை இருத்தி, இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டாள். நான் சிவகுரு அண்ணை நின்ற இடத்தைக் காட்டினேன். அதைக் கண்டு கேம் ஆக்கியவள் யார் என்றும் சொன்னேன். அதைக் கேட்டுக் கொம்பனி உன் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. நீ போன் எடுத்து, "என்ரை வாழ்க்கையை நாசமாக்கிப் போட்டியள்" என்று கத்தினாய். பொறுத்துக்கொண்டேன். பெற்ற பிள்ளை கத்தினால் பெற்றவள் கேட்கத்தான் வேண்டும். இரண்டு நாள் கழித்துக் குரலைத் தாழ்த்தி, "அம்மா, உங்களுக்கு ஞாபகம் குழம்பிறது எண்டு சொல்லிட்டன். கேட்டால் ஓம் எண்டுங்கோ, எல்லாம் சரிவரும்" என்றாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கத்திய குரல் என் மகனுடையது. மெதுவாகக் கதைத்த குரல் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்றுப் பின்னேரம் சிவகுரு அண்ணை வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனேன். அவர் பேப்பரை இறக்காமலே, "பிள்ளை, மாமி வந்திருக்கிறா, இருக்கச் சொல்லு" என்றார். தர்சினி உள்ளே கொம்பியூட்டரில் இருந்தாள். கடைசி பஸ் ஒன்றின் கொண்டக்டர்தான் அவளுடைய புதுக் கேமில் விளையாடுகிற ஆள். ஓடி வருகிற யாருக்காகப் பஸ்ஸை மறிப்பது, யாரை விட்டுவிட்டுப் போவது என்பதுதான் விளையாட்டு. ஒருவருக்காகக் காத்து நின்றால் உள்ளே இருக்கிற இன்னொருவருக்கு எங்கோ ஒன்று பிந்திப்போகும். நீ இல்லாததால் படங்கள் வடிவில்லை, பஸ் ஒரு பெட்டி மாதிரி இருந்தது. ஆனாலும் நான் ஒரு கிழவியை நெல்லியடிச் சந்தியில் விட்டுவிட்டுப் போய், வீட்டுக்கு வந்தும் அவளையே யோசித்துக்கொண்டிருந்தேன். நீ அவள் பெயரைத் தூக்கியதையும், எனக்கு மறதி என்று சொன்னதையும், கொம்பனி எடுத்துக் கேட்கப் போவதையும் சொன்னேன். "ஓம் மாமி, எனக்குக் கவலைதான், இல்லையெண்டு பொய் சொல்லமாட்டன்" என்றாள். "ஆனா உவன் கொண்டுபோனது செய்து முடிச்ச ஒண்டை. அடுத்ததை உவனாலை கொண்டுபோகேலாது. அது இன்னும் என்ரை தலைக்கை இருக்கு." நான் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். "உங்கடை மகன், உங்கடை வாய். நான் சொல்லித்தர மாட்டன்" என்றாள்.

இனி இன்று காலை நடந்தது. எடுத்தது அந்தக் கமராக்காரப் பிள்ளைதான். குறை நினைக்க வேண்டாம் என்று தயங்கித் தயங்கி, "மகன் சொன்னார், உங்களுக்கு ஞாபக மறதி இருக்குன்னு. உண்மையா அம்மா?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை. எனக்கு மறதிதான்" என்றேன். நீ கேட்ட சொல், கேட்டபடியே.

"அப்ப அன்னைக்குத் தர்சினியைப் பற்றிச் சொன்னது?"

"அது நல்ல ஞாபகம். கேமைச் செய்தது அவள். என்ரை அண்ணையின்ரை மகள். செத்தவீட்டை முடிவாய் வைச்சதும் அவள், பக்கத்து வீட்டுக்காரன் கதைக்காமல் இருக்க வேணும் எண்டதும் அவள். அதுக்காக அவளை நான் கலைச்சதும் ஞாபகம் இருக்கு. வேணுமெண்டால் நேரை கேளுங்கோ, பக்கத்து வளவிலைதான் இருக்கிறாள்."

அந்தப் பிள்ளை குழம்பிப்போனாள். "எல்லாம் சரியாத்தானே சொல்றீங்க. அப்ப எதைத்தான் மறந்தீங்க?"

"மகன் எண்டு சொன்னியள். அது ஆர், பிள்ளை?"

உன் பெயரைச் சொன்னாள். உங்கள் சொந்த மகன் அம்மா, கனடாவில் இருக்கிறவர் என்றாள். பாவம், அழுவாள் போல இருந்தது. எனக்கு அப்படி ஒருவரும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

கொம்பனி உன்னை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது, அது உன் பாடு. போனை வைத்த பிறகு மத்தியானம் சமைக்கவில்லை. அதை உனக்கு மறைக்க மாட்டேன், ஆனால் அதற்காக மனம் மாறுவேன் என்று காத்திருக்காதே. நீ ஊருக்கு வருவாய். எல்லாம் போன பிறகு வருவாய், அப்படித்தான் வருவார்கள். வந்து படலையில் நின்று "அம்மா" என்றால், வெளியே வந்து "ஆர் நீங்கள்?" என்று கேட்பேன். பொய்க்குத்தான் கேட்பேன், ஒழுங்கையில் உன் காலடி கேட்கும்போதே ஆளைத் தெரிந்திருக்கும். ஆனாலும் கேட்பேன்.